தொண்ணூற்று நான்கு பின் சும்மா கிடந்தும் மெமரிக்கு இடமில்லை

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன், வயதான ஆசிலாஸ்கோப் ஒன்று. இந்த மூன்றுக்கும் சேர்த்து 'லேப்' என்று பெயர் வைத்தது நானல்ல, சந்தேகம் கேட்க ஏறி வரும் பிள்ளைகள். அன்று வந்தவன் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருஷம் ஆனவன். உள்ளே என்ன சர்க்யூட் என்பதை நாமே எழுதி நிரப்பும் சிப்புக்கு எஃப்பிஜிஏ என்று பெயர். அதன் பின்கள், அதாவது கால்கள், இருக்கும் வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, உபயோகப்படாத பின்களையெல்லாம் பச்சை மையில் வட்டம் போட்டு வந்திருந்தான்.

"அண்ணே, மெமரி ஒண்ணு சேக்கணும். பின்னுக்குப் பஞ்சமே இல்ல, தொண்ணூத்தி நாலு சும்மா கெடக்கு."

"எந்த பேங்க்ல எத்தன கெடக்கு தம்பி?"

"அதெல்லாம் பிரிச்சுப் பாக்கலண்ணே. மொத்தம் தொண்ணூத்தி நாலு."

அவன் சேர்க்க நினைத்தது டிடிஆர்3எல் என்ற வேகமான மெமரி வகை, ஒரே நேரத்தில் 16 பிட் தரவு போகும் அகலம். அதற்குத் தேவை 48 பின். தேவைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கையிலிருந்தும் அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. இது அவன் ஒருவனுடைய தடுமாற்றம் அல்ல. எஃப்பிஜிஏ பக்கம் புதிதாக வருகிற எல்லாரும் பின்னைத் தலை எண்ணுகிறார்கள், வீடு எண்ணுவதில்லை.

மெமரி எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைதான். இவனுடைய தாய்மாமா அங்கே பராமரிப்பு வேலையில் இருக்கிறார். கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்து கொண்டிருப்பதை அதன் அதிர்விலிருந்து முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பது கேள்வி. எட்டு சென்சார், ஒவ்வொன்றும் 16 பிட், விநாடிக்கு 50,000 மாதிரி. பெருக்கினால் விநாடிக்கு 8,00,000 பைட். இறக்கை நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 3 விநாடி. மெதுவாகச் சுற்றும் தண்டின் பேரிங்கில் உள்ள பழுது ஒரு சுற்றுக்குள் ஒழுங்காகப் பிடிபடாது, மூன்று நான்கு சுற்றாவது இடைவெளியில்லாமல் பதிவாக வேண்டும். அதாவது பத்து விநாடி, சுமார் 8 மெகாபைட்.

அவன் எடுத்திருந்த ஆர்டிக்ஸ்-7 வரிசையின் எக்ஸ்சி7ஏ35டி சிப்புக்குள்ளேயே பிளாக் ராம் என்ற சின்ன மெமரி இருக்கிறது. 36 கிலோபிட் வீதம் 50 பிளாக், மொத்தம் 225 கிலோபைட். விநாடிக்கு எட்டு லட்சம் பைட் வந்தால் அது நிரம்ப 0.29 விநாடி போதும். இறக்கை ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு கூடத் திரும்பியிருக்காது. ஆகவே வெளியே மெமரி வைப்பது ஆடம்பரம் அல்ல. இதுவரை அவன் கணக்கு சரி.

கால்வாயும் மடையும்

எஃப்பிஜிஏவின் பின்கள் தனித்தனி ஆட்கள் அல்ல. அவை பேங்க் என்று குழு குழுவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பேங்குக்கும் மின்சாரம் ஊட்ட விசிசிஓ என்ற தனிப் பின்கள் உண்டு (ஆல்டெரா வழியில் வந்த சிப்புகளில் விசிசிஐஓ என்பார்கள்). அந்தப் பின்னில் எத்தனை வோல்ட் கொடுக்கிறோமோ, அந்த பேங்கிலிருந்து வெளியே போகும் சிக்னல் எல்லாமே அந்த வோல்டுக்குத்தான் ஏறும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தாமிரபரணியில் பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் பிரிகிறது, சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிகிறது. ஆறு ஒன்றுதான், கால் வேறு. ஒரு காலில் ஒரு இடத்தில் பக்கம் பக்கமாக உள்ள மடைகளுக்கெல்லாம் அந்தக் காலின் நீர்மட்டம்தான் விதி. "என் வயல் மேட்டில் கிடக்கு, என் மடைக்கு மட்டும் மட்டத்தை ஒரு அடி ஏத்துங்க" என்று ஒருவர் கேட்டால், ஏற்றலாம். ஆனால் பக்கத்து வயல்காரர் எல்லாரும் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். மேட்டு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வேறு காலிலிருந்துதான் பாய்ச்ச வேண்டும். பேங்கும் அப்படித்தான். ஒரு பின்னுக்கு 1.35 வோல்ட், அதே பேங்கில் பக்கத்துப் பின்னுக்கு 3.3 வோல்ட் என்பது நடக்காது.

இப்போது அவன் தாளைப் பேங்க் வாரியாகப் பிரித்தோம். அடியில் 324 சாலிடர் பந்துகளே கால்களாக உள்ள உறையில் இந்தச் சிப்புக்கு 210 பயன்படுத்தக்கூடிய பின். ஐம்பது ஐம்பதாக நாலு பேங்க், மிச்சம் பத்து ஒரு குட்டி பேங்கில். குட்டியை ரிலேக்களுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டான். பேங்க் 14-இல் ஃபிளாஷும் சில்லறைச் சிக்னல்களும், 3.3 வோல்ட், மிச்சம் 22 பின். பேங்க் 15-இல் ஈதர்நெட், 3.3 வோல்ட், மிச்சம் 24. பேங்க் 34-இல் பட்டன், விளக்கு, வெளி இணைப்பிகள் என்று 19 சிக்னல், 3.3 வோல்ட், மிச்சம் 31. பேங்க் 35-இல் சென்சார் பெட்டியோடு பேசும் எல்விடிஎஸ் இணைகள் (இரண்டு கம்பி சேர்ந்து ஒரு சிக்னல்), 2.5 வோல்ட், மிச்சம் 17.

டிடிஆர்3எல் கேட்பது 1.35 வோல்ட். நாலு பேங்கிலும் 1.35 எங்கேயும் இல்லை. ஏதாவது ஒரு பேங்கை 1.35-க்கு மாற்றினால் அதில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் செத்துப்போவார்கள். தொண்ணூற்று நான்கு என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அர்த்தம் போய்விட்டது.

சிலவற்றை நினைத்தாலும் மாற்ற முடியாது. பேங்க் 14-இல் சிப் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டிய ஃபிளாஷின் தரவுக் கம்பிகள் வருகின்றன. ஃபிளாஷ் 3.3 வோல்ட் வகை என்றால் அந்த பேங்க் 3.3-தான், பேச்சே இல்லை. இதோடு சிஎஃப்ஜிபிவிஎஸ் என்று ஒற்றைப் பின் ஒன்று உண்டு. தொடக்கத்தில் இந்தப் பக்கம் எத்தனை வோல்ட் என்று சிப்புக்குச் சொல்வது அதுதான். 3.3 கொடுத்துக்கொண்டே அதைத் தரையில் (பூஜ்ய வோல்டில்) கட்டினால் சிப் பழுதாகும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். பேங்க் 35-இன் எல்விடிஎஸ் கதையும் அப்படியே. உள்ளே வருகிற எல்விடிஎஸ் மட்டும் என்றால், சிக்னல் மட்டம் வரம்புக்குள் இருந்து, 100 ஓம் மின்தடையைச் சிப்புக்கு வெளியே வைத்துக்கொண்டால் வேறு வோல்ட் பேங்கிலும் சமாளிக்கலாம். இவன் சென்சார் பெட்டிக்குக் கிளாக்கை வெளியே அனுப்புகிறான். வெளியே போக 2.5 வோல்ட் கட்டாயம்.

ஏன் இத்தனை வோல்ட்?

1985-இல் வந்த முதல் எஃப்பிஜிஏவான எக்ஸ்சி2064-இல் இந்தத் தலைவலி கிடையாது. 64 லாஜிக் பிளாக், 58 பின், எல்லாம் 5 வோல்ட். அன்று மெமரியும் 5 வோல்ட்தான், மற்ற சிப்புகளும் 5 வோல்ட்தான்.

குறையத் தொடங்கியது சூட்டினால். ஒரு கம்பியை மேலும் கீழும் ஆட்டும்போது செலவாகும் மின்திறன் வோல்டின் வர்க்கத்தோடு ஏறும். 3.3-ஐ 1.35 ஆக்கினால் அதே வேகத்தில் செலவு ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் மெமரித் தலைமுறை ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கியது. பழைய எஸ்டிராம் 3.3, டிடிஆர் 2.5, டிடிஆர்2 1.8, 2007-இல் தரப்படுத்தப்பட்ட டிடிஆர்3 1.5, அதன் சிக்கன வடிவம் 1.35, 2012-இன் டிடிஆர்4 1.2, 2020-இன் டிடிஆர்5 1.1. ஆனால் மெமரி இறங்கிய வேகத்தில் மற்றவை இறங்கவில்லை. ரிலே ஓட்டும் சிப்பும் எல்சிடியும் கடையில் கிடைக்கும் சென்சார் பலகையும் இன்றும் 3.3-இல்தான் பேசுகின்றன, சில 5-இல். இரண்டு காலத்துக்கும் நடுவே நின்று இருவரோடும் பேச வேண்டியது எஃப்பிஜிஏவின் தலையெழுத்து. பேங்க் என்ற ஏற்பாடு அதற்காகவே வந்தது.

ஆர்டிக்ஸ்-7-இல் உள்ள பேங்குகள் எச்ஆர் வகை, 1.2 முதல் 3.3 வரை எதையும் ஏற்கும். அதன் அண்ணன் சிப்புகளில் வேகத்துக்கென்று எச்பி வகை பேங்க் உண்டு. அவை 1.8-க்கு மேல் தாங்காது. அதில் தெரியாமல் 3.3 கொடுத்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருக்காது.

கோப்பில் எழுதினால் வோல்ட் வந்துவிடாது

இதை நான் சொந்தக் காசில் கற்றேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு போர்டில் எஸ்ராம் என்ற 3.3 வோல்ட் மெமரி வைத்தேன். அதே பேங்கில் ஒரு கேமரா சென்சாரும் இருந்தது, அதற்கு 1.8. கேமரா வேலை செய்ய வேண்டுமே என்று பேங்க் ரெகுலேட்டரை 1.8-க்கு மாற்றினேன். எந்தப் பின் எந்த வகை என்று எழுதும் கட்டுப்பாட்டுக் கோப்பில் எஸ்ராம் பின்களுக்கு எதிரே எல்விசிமாஸ்33, அதாவது 3.3 வோல்ட் வகை, என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. கேமரா பின்கள் முரண்படுகின்றன என்று மென்பொருள் கத்தியது. கத்தலை நிறுத்தக் கேமரா பின்களுக்கும் எல்விசிமாஸ்33 என்றே எழுதினேன். கத்தல் நின்றது. டைமிங் பச்சை, எல்லாம் பச்சை.

காலை ஏழு மணிக்கு மெமரி சோதனை தேறியது. சந்தோஷமாக இட்லி சாப்பிடப் போனேன். பதினொரு மணிக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாசிப்பு தப்பு. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் குப்பை. மூன்று நாள் நான் எழுதிய கோடிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது என்ன? அந்தக் கோப்பு வோல்டைத் தீர்மானிப்பதில்லை. போர்டில் இத்தனை வோல்ட் கொடுத்திருக்கிறேன் என்று நாம் மென்பொருளிடம் கொடுக்கும் வாக்குமூலம் அது. மென்பொருளால் போர்டைப் பார்க்க முடியாது. ஒரே பேங்கில் இரண்டு பேர் முரணான வாக்குமூலம் கொடுத்தால் பிடிக்கும், விவாடோ என்ற வடிவமைப்பு மென்பொருளில் பிஐவிசி-1 என்று வருவது அதுதான். எல்லாரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் அதற்குப் பிடிபடாது.

பின்னில் வந்தது 1.8 வோல்ட். 1.8 வோல்ட் பேங்க் உயர்நிலை என்று சுமையோடு உறுதி தருவது 1.35 வரைதான். எதிரே உட்கார்ந்திருந்த 3.3 வோல்ட் எஸ்ராம் 'ஒன்று' என்று நிச்சயமாக ஏற்பதற்குக் குறைந்தபட்சம் 2.0 கேட்கிறது. அப்படியானால் காலையில் எப்படி ஓடியது? 2.0 என்பது உறுதிமொழி. உண்மையில் சிப் முடிவை மாற்றுகிற புள்ளி ஒன்றரை வோல்டின் அக்கம்பக்கத்தில் இருக்கும். 1.8 அதைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். பாளையங்கோட்டை வெயிலில் சிப் சுட்டதும், பக்கத்துக் கம்பிகள் கொஞ்சம் சத்தம் போட்டதும் அந்த இடைவெளி கரைந்துவிட்டது. வேலையே செய்யாத போர்டைவிடக் காலையில் மட்டும் வேலை செய்கிற போர்டு அதிக நாளைத் தின்னும்.

தலைகீழாக, 3.3 வோல்ட் மெமரி 1.8 வோல்ட் பேங்குக்குள் தரவு அனுப்பினால் இன்னும் மோசம். பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்னோட்டம் விசிசிஓவுக்குப் பாயும். நான் மெமரியை வாசித்தபோதெல்லாம் அதுதான் நடந்திருக்கிறது. உடனே சாகாது. அதனால் யாருக்கும் தெரியாது.

பின்னுக்கு வோல்ட் வகையே எழுதாமல் விட்டால் விவாடோ என்எஸ்டிடி-1 என்று நிறுத்தும். அதை எச்சரிக்கையாகக் கீழிறக்கும் ஒரு வரிக் கட்டளை மாணவர்கள் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

48 பின்னும் 39 பின்னும்

வோல்ட் சரியானாலும் டிடிஆர்3 எல்லாப் பின்னிலும் உட்காராது. 48-ஐப் பிரித்துப் பாருங்கள். தரவு 16. தரவோடு கூடவே ஓடும் டிக்யூஎஸ் என்ற தாளக் கம்பி இரண்டு இணை, அதாவது 4. எந்த பைட்டை எழுதாமல் விட வேண்டும் என்று சொல்லும் மறைப்புக் கம்பி 2. 256 மெகாபைட் சிப்பானால் முகவரி 14, உள் பேங்க் தேர்வு 3, கட்டளை 3, கிளாக் இணை 2, மற்றவை 4. (மெமரிக்குள்ளும் 'பேங்க்' என்ற சொல் உண்டு. அதற்கும் நாம் பேசும் பேங்குக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான்.)

ஆர்டிக்ஸ்-7-இன் 50 பின் பேங்குக்குள் பன்னிரண்டு பன்னிரண்டாக நாலு பைட் குழு உண்டு. எட்டுத் தரவுக் கம்பி, அவற்றின் டிக்யூஎஸ் இணை, மறைப்பு, ஆக 11 சிக்னலும் ஒரே பைட் குழுவுக்குள் இருந்தாக வேண்டும். டிக்யூஎஸ் அதற்கென்று குறித்த பின்னில்தான் வரும். தரவைப் பிடிக்கும் கிளாக் அந்தக் குழுவுக்குள்ளேயே ஓடும்படி சிலிக்கானில் வார்த்துவிட்டார்கள், நாம் கோடிங் எழுதி மாற்ற முடியாது. இரண்டு குழு தரவுக்கு, மற்ற இரண்டு முகவரிக்கும் கட்டளைக்கும். மிச்சம் மீதி என்று நாலு பேங்கில் சிதறிக்கிடக்கும் பின்னைப் பொறுக்கி டிடிஆர்3 கட்ட முடியாததற்கு இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது, ஒப்பீட்டு வோல்ட். டிடிஆர்3 பேசும் எஸ்எஸ்டிஎல் வகைச் சிக்னல் தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை. விசிசிஓவின் சரிபாதியான விரெஃப்புக்கு மேலா கீழா என்றுதான் பார்க்கிறது. 1.35-க்கு விரெஃப் 0.675. பேங்க் ஒன்றுக்கு விரெஃப் ஒன்றுதான். வெளியிலிருந்து கொடுத்தால் இரண்டு பின் அதற்கே போகும், 48-உம் 2-உம் 50, பேங்க் முழுக்க நிறைந்தது. கம்பி ஒன்றுக்கு விநாடிக்கு 800 மெகாபிட் வரை சிப்புக்குள்ளேயே விரெஃப் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். ஆர்டி ஏ7 என்ற பயிற்சி போர்டில் இதே 35டி சிப்போடு 256 மெகாபைட் டிடிஆர்3எல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பேங்கை முதலிலேயே மெமரிக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதைப் பங்கிட்டார்கள்.

அப்படியானால் வேறு என்ன வழி?

எஸ்ராம்: எதுவும் கேட்காத நல்ல பிள்ளை. 16 பிட் அகலம், 2,56,000 சொச்சம் இடம் கொண்ட 10 நானோ விநாடி சிப்புக்கு முகவரி 18, தரவு 16, கட்டுப்பாடு 5. மொத்தம் 39 பின். கொள்ளளவு அரை மெகாபைட்தான். நம் காற்றாலைக் கணக்கில் 0.65 விநாடி.

எஸ்டிராம்: பழைய 3.3 வோல்ட் வகை, 54 கால் உறை, 32 மெகாபைட். முகவரி 13, உள் பேங்க் 2, தரவு 16, மறைப்பு 2, கிளாக்கும் கட்டளையும் 6. கூட்டிப் பாருங்கள், இதுவும் 39. அதே பின் எண்ணிக்கையில் 64 மடங்கு கொள்ளளவு, 42 விநாடிப் பதிவு. முகவரியை வரிசை, பத்தி என்று இரண்டு தவணையாக ஒரே கம்பியில் அனுப்புவதால் வந்த லாபம் இது. விலையாக, 64 மில்லி விநாடிக்குள் 8,192 வரிசையையும் புதுப்பித்தாக வேண்டும் (இல்லையென்றால் எழுதியது அழிந்துவிடும்), சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோலரை எழுதுவது ஒரு வார வேலை, எழுதிப் பழகியவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். இதில் டிக்யூஎஸ் இல்லை, சிக்னலும் தரையிலிருந்து அளக்கும் சாதாரண 3.3 வோல்ட் வகை என்பதால் பைட் குழு விதி கிடையாது, விரெஃப் கிடையாது. 3.3 வோல்டில் உள்ள எந்த பேங்கிலும் பரப்பலாம். அவனிடம் அப்படி 77 பின் இருக்கிறது. தரவு 16-ஐ மட்டும் ஒரே பேங்கில் வைத்தால் கம்பி நீளம் ஒத்துப்போகும்.

சூடோ எஸ்ராம்: எட்டுக் கால் சிப், 8 மெகாபைட், 3.3 வோல்ட். கிளாக், தேர்வு, நாலு தரவு, அவ்வளவுதான், 6 பின். உள்ளே இருப்பது புதுப்பிக்க வேண்டிய டிராம் என்றாலும் புதுப்பிக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு நிபந்தனை: தேர்வுக் கம்பியை 8 மைக்ரோ விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடித்து வைக்கக்கூடாது, அது மூச்சு விட வேண்டும். இதைப் படிக்காமல் நீளமாக எழுதிக்கொண்டே போய், முன்னால் எழுதியது அழிந்து நிற்பவர்கள் உண்டு. 50 மெகாஹெர்ட்ஸில் நாலு கம்பியில் 128 பைட் எழுத ஐந்தரை மைக்ரோ விநாடி ஆகும். நம் சென்சார்களிலிருந்து 128 பைட் சேர 160 மைக்ரோ விநாடி. மீதி நேரமெல்லாம் அது சும்மா இருக்கும்.

ஹைப்பர்ராம் என்று ஒன்று இவற்றுக்கு நடுவில் உண்டு. எட்டுத் தரவுக் கம்பி, பன்னிரண்டு பதிமூன்று பின், 1.8 அல்லது 3 வோல்ட் வகை. வாங்கும்போது எந்த வோல்ட் வகை என்று சிப்பின் எண்ணை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. டிடிஆர்3 என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்து இருக்கிறது. ஆனால் விநாடிக்கு எட்டு லட்சம் பைட் கேட்கிறவனுக்கு நூறு கோடிப் பைட்டுக்கு மேல் தரக்கூடிய மெமரி எதற்கு? இரண்டு சூடோ எஸ்ராமை ஒரே கிளாக், ஒரே தரவுக் கம்பியில் போட்டுத் தேர்வுக் கம்பியை மட்டும் பிரித்தால் 7 பின்னில் 16 மெகாபைட், 21 விநாடி, இறக்கை ஏழு சுற்று. அவன் கேட்டது அதற்கும் குறைவு.

"நாளைக்கு கேமராவும் சேக்கணும்னு மாமா சொன்னாருன்னா?"

நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருந்தது, ஏனென்றால் போர்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பேங்க் 34-இல் குடியிருக்கும் 19 சிக்னலும் 3.3 வோல்ட். பேங்க் 14-இலும் 15-இலும் சேர்ந்து 46 காலி, அவையும் 3.3. பத்தொன்பதையும் அங்கே குடிபெயர்த்தால் 34 முழுசாகக் காலியாகும். அதற்கு 1.35 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் டிடிஆர்3எல் சட்டப்படி உட்காரும். இன்று இது ஒரு கோப்பில் பத்தொன்பது வரியைத் திருத்தும் வேலை. அச்சடித்து வந்த பிறகு என்றால் புதுப் போர்டு. சிப்பை ரிச்சி தெருவில் வாங்கி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றினால் விடியும்போது ஜங்ஷனில் இருக்கும். போர்டு அப்படி வராது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாங்கி வந்த போர்டு

சொந்தமாகப் போர்டு போடாமல், கடையில் வாங்கிய பயிற்சி போர்டில் மெமரி சேர்ப்பவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். அங்கே ஓரத்து இணைப்பியில் வெளியே தெரியும் பின் எல்லாம் வேறொருவர் எடுத்த முடிவுகளின் மிச்சம். பேங்க் வோல்ட் ஏற்கெனவே சாலிடர் ஆகிவிட்டது. டாங் நானோ 9கே போர்டில் பட்டனும் விளக்கும் 1.8 வோல்ட் பேங்கில் இருக்கின்றன. அந்த பேங்கில் மிச்சமிருக்கும் பின்னோடு 3.3 வோல்ட் மெமரியைக் கட்டப்போனால் என் கதைதான் உங்களுக்கும். அந்தச் சிப்பின் உறைக்குள்ளேயே 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட் சூடோ எஸ்ராமை வைத்துத்தான் விற்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மெமரியே தேவைப்படாமல் போகலாம்.

லாட்டிஸின் ஐஸ்40 யுபி5கே என்ற சின்ன எஃப்பிஜிஏ, 48 கால் உறையில் மொத்தம் 39 பின் தருகிறது. எஸ்டிராமுக்கு 39 வேண்டும். சரியாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மெமரி வைத்தபின் அந்தச் சிப் வேறு யாரோடு பேசும் என்று கேட்டதும் அமைதியானார்.

ஆர்டி போர்டின் பிமாட் இணைப்பியில் எட்டுச் சிக்னல், 3.3 வோல்ட். ஆறு பின் சூடோ எஸ்ராமுக்கு அளவெடுத்தது போல இருக்கும். நாலில் இரண்டு இணைப்பியில் ஒவ்வொரு கம்பியிலும் 200 ஓம் தடை இருக்கிறது, தவறான இணைப்பிலிருந்து சிப்பைக் காக்க. மற்ற இரண்டில் அந்தத் தடை இல்லை. வேகம் வேண்டுமென்றால் தடையில்லாத ஜேபி, ஜேசி பக்கம் போக வேண்டும்.

வோல்ட் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு வோல்டை இன்னொன்றாக மாற்றும் லெவல் ஷிஃப்டர் போட்டால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். விளக்குக்கும் பட்டனுக்கும் போடுங்கள். மெமரியின் தரவுக் கம்பி இரண்டு திசையிலும் ஓடும், பத்து நானோ விநாடியில் திசை மாறும். திசையைத் தானே யூகிக்கும் மலிவு ஷிஃப்டர்கள் அந்த வேகத்தில் தடுமாறும். திசை சொல்லிக் கொடுக்கும் வகையும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று சில நானோ விநாடியைத் தின்னும். மெமரிக்கும் எஃப்பிஜிஏவுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஒரே மொழி பேசுகிற மெமரியையே வாங்குங்கள்.

பதினாறு தரவுக் கம்பியும் ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்த மின்னோட்டம் அத்தனையும் பேங்கின் தரைக் கால் வழியாகப் போக வேண்டும். தரையே ஒரு கணம் துள்ளும், அசையாமல் இருந்த பக்கத்துப் பின்னும் அசைந்தது போலத் தெரியும். ஒவ்வொரு விசிசிஓ காலுக்கும் அடியில் கெப்பாசிட்டர், தேவைக்கு மேல் ஓட்டும் வலுவைக் கொடுக்காமல் இருப்பது, கம்பித் தொடக்கத்தில் 22 அல்லது 33 ஓம் மின்தடை, இவைதான் இதற்கு மருந்து. சைக்ளோன் 4 எஃப்பிஜிஏவின் 144 கால் உறையை வாங்கிக் கையால் ஒட்டுகிறவர்கள் வயிற்றுப்பக்கம் இருக்கும் உலோகத் தகட்டை மறக்க வேண்டாம். அது தரை, அதையும் ஒட்டியாக வேண்டும். அயர்ன் நுனி அங்கே போகாது, ஹாட் ஏர் வேண்டும். ஜங்ஷன் பக்கம் செல்போன் பழுது பார்க்கிற பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவன் திரும்ப வந்தான். அதே ஏ3 தாள், புது அச்சு. பச்சை வட்டம் எதுவும் இல்லை. 3.3 வோல்ட் பேங்குகளுக்கு ஆரஞ்சு, 2.5-க்கு நீலம். சூடோ எஸ்ராம் இரண்டும் பேங்க் 15-இன் ஓரத்தில் ஏழு பின்னோடு ஒதுங்கியிருந்தன. பத்தொன்பது சிக்னலும் இடம் மாறியிருந்தன. பேங்க் 34-க்கு மட்டும் நிறம் தீட்டாமல் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, விசிசிஓவுக்குப் போகும் வழியில் இரண்டு ஜீரோ ஓம் இடம் (வேண்டிய பக்கம் மட்டும் ஒட்டி இணைக்கும் இடம்) வரைந்திருந்தான். ஒன்று 3.3-க்கு, இன்னொன்று இன்னும் வாங்காத 1.35 ரெகுலேட்டருக்கு.

"ரெண்டையும் ஒண்ணா ஒட்டிராத" என்றேன்.

"அதையும் தாள்ல எழுதியிருக்கேண்ணே" என்று ஓரத்தைக் காட்டினான்.